பதிமூன்று துண்டுச் சக்கரம்

திரையில் பார்த்தால் அது ஒரே சக்கரம்தான். மவுசைப் பிடித்து எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சக்கரம்தான். நடுவில் 30 மி.மீ. விட்டத்தில் ஒரு குடம் (மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அதுதான் பெயர்; கல்லூரியில் ஹப் என்பார்கள்). அதைச் சுற்றிப் பன்னிரண்டு பிளேடுகள். ஒவ்வொன்றும் 40 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம். குடத்தின் உயரமும் அதே 25.

வரைந்தவன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். நாலு பேர் சேர்ந்து செய்யும் மினி புராஜெக்ட். குழாய்த் தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்ற வேண்டும், சக்கரத்தோடு சேர்ந்த குட்டி டைனமோ ஓட வேண்டும், ஒரு எல்.இ.டி. எரிய வேண்டும். அவ்வளவுதான். ஒருத்தி டைனமோவைப் பார்த்துக்கொண்டாள், ஒருவன் மரச்சட்டம் செய்தான், இன்னொருவன் ரிப்போர்ட் எழுதுவதாகச் சொன்னான் (எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவன் இருப்பான் :-) ). சக்கரத்தை வரைவதும் அதை லேபில் 3டி பிரின்ட் எடுப்பதும் இவன் பொறுப்பு.

ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் வரைந்தான். 2002-இல் முதன்முதலாக வெளிவந்து, இருபத்திரண்டு வருடம் கழித்து 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்ட மென்பொருள் அது. ஒரு உருளை போட்டான், குடம் ஆயிற்று. அச்சு நுழைய நடுவில் 8 மி.மீ. துளை போட்டான். ஒரு பெட்டி போட்டான், பிளேடு ஆயிற்று. குடத்தின் ஆரம் 15 என்பதால் பிளேடைச் சரியாக 15-ஆவது மில்லிமீட்டரில் ஆரம்பித்து வைத்தான். மிச்சப் பதினொன்றையும் கையால் வைக்க அவன் என்ன முட்டாளா? டிராஃப்ட் பகுதிக்குப் போய் போலார் அரே என்ற கட்டளையைக் கொடுத்து, எண்ணிக்கை 12, கோணம் 360 என்று நிரப்பினான். கண்ணிமைக்கும் நேரத்தில் சக்கரம் பூத்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததால் அதைப் படமெடுத்து டெஸ்க்டாப்பில் வால்பேப்பராகவும் வைத்துக்கொண்டான்.

மறுநாள் ஃபைலை லேப் அண்ணனிடம் கொடுத்தான். 3டி பிரின்டரை அந்தக் கல்லூரியில் இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மாணவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன், அவருக்கு எல்லோரும் தம்பி, தங்கச்சி. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு வெள்ளைச் சக்கரம் ஒன்று கைக்கு வந்தது. தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருந்தது. தட்டிப் பார்த்தால் டொக் டொக்.

குழாயைத் திறந்தார்கள். சக்கரம் நாலு சுற்றுச் சுற்றியது. எல்.இ.டி. ஒரு தடவை கண் சிமிட்டியது. ஐந்தாவது சுற்றில் மூன்று பிளேடுகள் பறந்து வாளிக்குள் விழுந்தன.

ரிவியூவுக்குப் பதினோரு நாள் இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் மனித மனம் முதலில் தேடுவது காரணத்தை அல்ல, ஆளை. இவனுக்கு ஆள் உடனே கிடைத்துவிட்டார். 3டி பிரின்ட்டில் பொருளின் உள்பக்கத்தை முழுக்க நிரப்ப மாட்டார்கள். தேன்கூடு மாதிரி இடைவெளி விட்டு இத்தனை சதவீதம் என்று நிரப்புவார்கள். அண்ணன் 20 சதவீதம் வைத்திருந்தார். பிளாஸ்டிக் கம்பியை மிச்சம் பிடிக்கக் குறைத்து நிரப்பிவிட்டார், அதனால்தான் உடைந்தது என்று இவன் முடிவு கட்டினான். முடிவு கட்டியதோடு நிற்காமல் லேப் பொறுப்பாளரான பேராசிரியரிடம் போய்ச் சொல்லியும் விட்டான். பேராசிரியர் அண்ணனைக் கூப்பிட்டு, மாணவர்கள் முன்னாலேயே, "பசங்க புராஜெக்ட்ல ஏம்ப்பா கஞ்சத்தனம் பண்றீங்க?" என்று கேட்டார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே நூறு சதவீதம் நிரப்பி இன்னொரு சக்கரம் எடுத்துக் கொடுத்தார். பத்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கையில் கனமாக இருந்தது.

இரண்டாவது சக்கரத்தில் ஐந்து பிளேடுகள் போயின.

உடைந்த குடத்தை அண்ணன் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, ஒரு பொருள் உடைஞ்சா உடைஞ்ச இடத்துல காயம் இருக்கணும். பிசிறு இருக்கும், வெள்ளையா வெடிச்சிருக்கும். இங்க பாரு. வழவழன்னு இருக்கு. ஒரே ஒரு கோடு மட்டும் கீறின மாதிரி இருக்கு. இது உடையல தம்பி. ஒட்டினாத்தான உடையறதுக்கு?"

"ஸ்கிரீன்ல ஒட்டித்தாண்ணே இருந்துச்சு."

"மெஷின் நீ குடுத்ததைத்தான் அடிச்சுது. நீ என்ன குடுத்தேன்னு போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். அன்று இரவு ஹாஸ்டலில் இரண்டு மணி வரை பார்த்தான். அவன் கண்டுபிடித்த விஷயம் கேட் பழகுகிற எல்லோரும் எப்போதாவது ஒரு நாள் தலையை இடித்துக்கொள்ளும் வாசல்படி. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஒன்றைப் பன்னிரண்டாக்கும் கட்டளை வேறு, பன்னிரண்டை ஒன்றாக்கும் கட்டளை வேறு. அரே, பேட்டர்ன் என்று மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறலாம். அந்தக் கட்டளை செய்வதெல்லாம் நகலெடுத்து, திருப்பி, உரிய இடத்தில் வைப்பது மட்டுமே. வைத்ததைச் சேர்த்து ஒட்டுவது அதன் வேலை இல்லை. ஃப்ரீகேட்டின் டிராஃப்ட் அரே, நகல்களை எல்லாம் காம்பவுண்ட் என்ற ஒரே மூட்டைக்குள் போட்டுக் கொடுக்கும். மூட்டையைச் சொடுக்கினால் பன்னிரண்டும் ஒன்றாக ஒளிரும், நகர்த்தினால் ஒன்றாக நகரும். பக்கத்தில் இருக்கும் மரப்பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் தெரியும். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரே பொருள் என்று நினைப்பவனை எப்படிக் குறை சொல்வது? ஆனால் ஒரே பாக்கெட்டில் பன்னிரண்டு பிஸ்கட் இருப்பதால் அது ஒரு பெரிய பிஸ்கட் ஆகிவிடாது. அரே கட்டளையின் அமைப்பிலேயே ஃபியூஸ் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. நீங்களாக டிக் செய்தால்தான் ஒட்ட முயற்சியாவது நடக்கும். இவன் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை.

சரி, இப்போதுதான் தெரிந்துவிட்டதே என்று பார்ட் பகுதிக்குப் போய், குடத்தையும் பிளேடு மூட்டையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து யூனியன் கொடுத்தான். மறுபேச்சில்லாமல் வேலை முடிந்தது. சிவப்பு எழுத்தில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. நிம்மதியாகப் படுக்கப் போனவனை டைனமோக்காரியின் மெசேஜ் எழுப்பியது. "டேய், எத்தனை சாலிட்னு எண்ணிப் பார்த்தியா?" ஃப்ரீகேட்டிலேயே பைதான் கட்டளை அடிக்க ஒரு ஜன்னல் உண்டு. பொருளின் உள்ளே எத்தனை திடப்பொருள்கள், அதாவது சாலிட்கள், இருக்கின்றன என்று அதில் ஒரே வரியில் கேட்கலாம். கேட்டான்.

13 என்று வந்தது.

யூனியன் கொடுத்த பிறகும் பதிமூன்று. ஒரு குடம், பன்னிரண்டு பிளேடு. ஒன்றும் ஒட்டவில்லை!

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். குடம் உருண்டை, பிளேடின் அடிமுகம் தட்டை. உருண்டையான தூணின் மேல் ஒரு தட்டைப் பலகையைச் சாய்த்து வைத்தால் அது எங்கே தொடும்? நடுவில் ஒரே ஒரு கோட்டில் மட்டும். பிளேடின் கனம் 3 மி.மீ., அதாவது நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 1.5. நடுக்கோட்டில் குடத்தின் பரப்பு மையத்திலிருந்து 15 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. 1.5 மி.மீ. தள்ளிப் போனால் பிதாகரஸ் சொல்கிறபடி 225-லிருந்து 2.25 கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 14.925. ஆக பிளேடின் ஓரத்துக்கும் குடத்துக்கும் நடுவே சுமார் 0.075 மி.மீ. சந்து. ஒரு தலைமுடியின் கனம். திரையில் அந்தச் சந்து ஒரு பிக்சல்கூட இல்லை. அதனால்தான் கண்ணுக்கு ஒட்டித் தெரிந்தது.

பிரின்டர் என்ன செய்தது? ஒவ்வொரு அடுக்கிலும் குடத்துக்கு ஒரு தனிச் சுவர், பிளேடுகளுக்குப் பன்னிரண்டு தனிச் சுவர்கள் என்று வரைந்துகொண்டே மேலே போயிருக்கிறது. உருகிய பிளாஸ்டிக் பக்கத்துச் சுவரில் லேசாக ஈஷிக்கொண்டதில் ஒரு பொய் ஒட்டல் ஏற்பட்டிருக்கிறது. உள்ளே 20 சதவீதம் நிரப்பினால் என்ன, நூறு நிரப்பினால் என்ன, சந்து அங்கேயேதான் இருந்தது. சொல்லப்போனால் நூறு சதவீதம் நிரப்பியதால் பிளேடுகள் கனமாகி இன்னும் இரண்டு கூடுதலாகப் பறந்திருக்கலாம்.

கோட்டில் தொட்டால் போதாதா, அதையும் ஒட்டியதாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது என்று 1970-களிலேயே சிலர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வோல்க்கரும் அரிஸ்டிடிஸ் ரெக்கிச்சாவும், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதே வேலையில் இறங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குத் திடப்பொருள் என்றால் என்ன என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு முன் கம்ப்யூட்டர் வரைபடம் என்றால் வெறும் கோடுகள். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று அதற்குத் தெரியாது. வரைபவரின் மூளைதான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அவர்கள் வழியில் வந்த மென்பொருள்கள் பெரும்பாலும் கடைப்பிடிக்கும் சட்டம் ரொம்ப எளிமையானது. ஒரு திடப்பொருளின் எந்த விளிம்பை எடுத்துக்கொண்டாலும் அதில் சரியாக இரண்டு முகங்கள்தான் சந்திக்க வேண்டும். ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள், எந்த விளிம்பிலும் இரண்டே முகங்கள். இப்போது இரண்டு தீப்பெட்டிகளை விளிம்போடு விளிம்பு மட்டும் தொடும்படி மூலைவாட்டில் வையுங்கள். அந்த விளிம்பில் நாலு முகங்கள் வந்துவிடும். அந்த இடத்தில் பொருளின் கனம் எவ்வளவு? பூஜ்யம். பூஜ்யக் கனத்தில் ஒரு பொருளை எந்தக் கொல்லனும் அடிக்க முடியாது, எந்த மெஷினும் கடைய முடியாது. அதனால் அது ஒரு பொருள் இல்லை, இரண்டு பொருள். மென்பொருள்கள் இதை அவரவர் பாஷையில் சொல்கின்றன. சாலிட்வொர்க்ஸ், கனமே இல்லாத வடிவம் என்று எச்சரிக்கை கொடுத்து மறுத்துவிடும். ஓப்பன்ஸ்கேட், பொருளைப் பழுது பார்க்க வேண்டியிருக்கலாம் என்று எச்சரிக்கும். ஃப்ரீகேட்டின் யூனியன்தான் அமைதியாகப் பதிமூன்றையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. திட்டுகிற வாத்தியாரைவிடச் சிரித்துக்கொண்டே போகிறவர் ஆபத்தானவர் என்பது தேர்வு முடிவு வரும்போதுதான் தெரியும்.

இந்தச் சேர்த்தல், கழித்தல், பொதுப்பகுதி எடுத்தல் மூன்றுக்கும் பொதுப் பெயர் பூலியன். ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் பெயர். செருப்புத் தைப்பவரின் மகன். பட்டம் எதுவும் வாங்காமலே அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியர் ஆனவர். 1854-இல் சிந்தனையின் விதிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் வந்த கணக்குத்தான் இன்று சக்கரத்தையும் பிளேடையும் ஒட்டுகிறது. அவர் மனைவி மேரி எவரெஸ்ட், சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் அண்ணன் தம்பி வழி மகள். அந்த எவரெஸ்ட் தலைமையேற்று நடத்திய மாபெரும் நில அளவை 1802-இல் லாம்டன் காலத்தில் ஆரம்பித்த இடம் சென்னை பரங்கிமலை. (சக்கரத்துக்கும் பரங்கிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.)

நம்முடைய ஹாஸ்டல்வாசிக்குத் திரும்பினால், காரணம் தெரிந்த பிறகு வைத்தியம் சுலபம். மாட்டுவண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரிக்கு இது எந்தக் கல்லூரியும் சொல்லித் தராமலே தெரியும். அவர் ஆரக்காலைக் குடத்தின் மேல் கொண்டுபோய்த் தொடவைத்து விடுவதில்லை. குடத்தில் உளியால் துளை எடுத்து, ஆரக்காலின் முனையை அதற்குள் அறைந்து இறக்குவார். கண்ணுக்குத் தெரியும் ஆரக்காலை விட உண்மையான ஆரக்கால் நீளம். கேட்டிலும் அதேதான். பிளேடு குடத்துக்குள் கொஞ்சம் புதைந்திருக்க வேண்டும். புதைந்த பகுதி இரண்டு பொருளுக்கும் பொதுவாக இருப்பதால் யூனியனுக்குக் குழப்பமே வராது.

ஆனால் இவன் ஆர்வக்கோளாறில் பிளேடை மையத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டான். யூனியன் கொடுத்தான். எண்ணிக்கை 1 என்று வந்தது. துள்ளிக் குதித்தவன் சக்கரத்தை மேலிருந்து பார்த்தால் அச்சுத்துளையைக் காணோம்! துளையை அவன் முதலிலேயே குடத்தில் போட்டிருந்தான். பிளேடுகள் மையம் வரை வந்து அந்தத் துளையைப் பன்னிரண்டு பக்கத்திலிருந்தும் அடைத்துவிட்டன. வரிசை முக்கியம். முதலில் ஒட்ட வேண்டியதை எல்லாம் ஒட்டிவிட்டுக் கடைசியில்தான் துளை போட வேண்டும். பிறகு பிளேடை 10-ஆவது மில்லிமீட்டரில் ஆரம்பித்து, நீளத்தை 45 ஆக்கி, ஒரு அரே, ஒரு யூனியன், அதன் பிறகு 8 மி.மீ. துளை. எண்ணிக்கை 1. துளையும் இருந்தது.

புதைத்துவிட்டு ஒட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று டைனமோக்காரி கேட்டாள். நல்ல கேள்வி. பிரின்ட் ஒருவேளை சரியாகவே வரலாம். ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும் துண்டுகளைப் பல ஸ்லைசர் மென்பொருள்கள் தாமாகவே சேர்த்துக்கொள்ளும். ஆனால் எடை கணக்குத் தப்பும். ஒவ்வொரு பிளேடும் 5 மி.மீ. புதைந்திருக்கிறது, 5 பெருக்கல் 25 பெருக்கல் 3, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 4500 கன மி.மீ. ஒட்டாத மூட்டையில் அந்த இடம் குடத்துக்கு ஒரு தடவை, பிளேடுகளுக்கு ஒரு தடவை என்று இரண்டு தடவை எண்ணப்படும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.24 கிராம். ஆக இல்லாத ஐந்தரை கிராம் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். கல்லூரிச் சக்கரத்துக்கு ஐந்தரை கிராம் பெரிய விஷயம் இல்லைதான். ஆயிரக்கணக்கில் சுற்றும் ஒரு பெரிய சக்கரத்துக்கு அந்த மாதிரித் தப்பு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒன்றாக்கியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது, அதை அவன் எதிர்பார்க்கவே இல்லை. பிளேடும் குடமும் சந்திக்கும் இடத்தில் கூர்மையான மூலை இருந்தால் இழுவிசை எல்லாம் அங்கேயே குவியும் என்று மெஷின் டிசைன் வகுப்பில் படித்திருந்தான். அதைக் குறைக்க அந்த மூலையை உருட்டிவிட வேண்டும். அதற்கு ஃபில்லெட் என்ற கட்டளை. முதல் சக்கரத்திலேயே அதை முயன்று பார்த்துவிட்டு, உருட்ட வேண்டிய விளிம்பைச் சொடுக்கவே முடியாமல் மென்பொருளைத் திட்டிவிட்டு விட்டிருந்தான். இப்போது காரணம் புரிந்தது. அந்த விளிம்பு குடத்திலும் இல்லை, பிளேடிலும் இல்லை. இரண்டும் சேரும்போதுதான் பிறக்கிறது. ஒட்டாத வரை உருட்டுவதற்கு அங்கே விளிம்பே கிடையாது. ஒட்டிய பிறகு ஒரு பிளேடுக்கு இரண்டு வீதம் இருபத்து நாலு விளிம்புகள் புதிதாக முளைத்திருந்தன. எல்லாவற்றுக்கும் 1.5 மி.மீ. ஃபில்லெட் கொடுத்தான். தட்டையான மேல்பரப்பில் குடத்தின் பழைய வட்டம் கோடாகத் தெரிந்துகொண்டிருந்தது. ரிஃபைன் கொடுத்ததும் அதுவும் அழிந்தது.

இதற்காக எதையெடுத்தாலும் ஒட்டிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. லெஸ்டர் பெல்டன் 1880-இல் காப்புரிமை வாங்கிய நீர்ச்சக்கரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகைச் சக்கரங்களில் கிண்ணம் கிண்ணமாக இருக்கும் பக்கெட்டுகளைத் தனித்தனியாக வார்த்துச் சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டுவது நெடுநாள் வழக்கம். ஒன்று தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். நீலகிரியில் 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தில் இருப்பதும் பெல்டன் சக்கரங்கள்தான். பக்கெட்டோடு சேர்த்து முழுச் சக்கரத்தையும் ஒரே துண்டாக வார்ப்பதும் பிற்பாடு பரவலாகியது. போல்ட் போடுகிற சக்கரத்தைக் கேட்டில் ஒரே சாலிடாக வரைந்தால் அது தப்பு. எத்தனை பக்கெட் வாங்க வேண்டும் என்று பட்டியல் எடுக்கும்போது ஒன்று என்று வரும். ஒரே துண்டாக வார்க்கிற சக்கரத்தைப் பதிமூன்று துண்டாக வரைந்தால் அதுவும் தப்பு. பட்டறையில் எப்படிச் செய்யப் போகிறார்களோ அப்படித்தான் மாடலும் இருக்க வேண்டும். இவன் சக்கரம் ஒரே தடவையில் பிரின்ட் ஆவது, அதனால் அது ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

காலையில் ஃபைல் தயார். ஆனால் லேபுக்குப் போகக் கால் வரவில்லை. ஒட்டாத பிளேடுகளுக்காகத் திட்டு வாங்கியவர் அங்கே உட்கார்ந்திருப்பார். ஃபைலை மெயிலில் அனுப்பிவிடலாமா, டைனமோக்காரியிடம் கொடுத்தனுப்பலாமா என்றெல்லாம் யோசித்தான். அவள், "நீதானடா சார்கிட்ட போய்ச் சொன்னே, நீயே போ" என்றாள்.

முதலில் பேராசிரியர் அறைக்குப் போனான். தப்பு மாடலில் இருந்தது, பிரின்ட்டில் இல்லை, அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னான். 0.075 கணக்கையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினான். பேராசிரியர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதை அவர்கிட்டயும் காட்டினியா?" என்றார். இல்லை என்றான். "அவர்கிட்ட காட்டிட்டு வா" என்று எழுந்தவர், என்ன நினைத்தாரோ, தானும் கூடவே லேபுக்கு வந்தார்.

அண்ணன் தாளைப் பார்த்தார். கணக்கு முழுக்கப் புரிந்ததா தெரியாது, படம் புரிந்தது. உருண்டையும் தட்டையும் தொடும் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கோடுதான் அந்தக் கீறல்."

"ஆமாண்ணே. மன்னிச்சுக்குங்க. உங்களைப் போய்..."

"அத விடு. இப்ப எத்தனை துண்டு?"

"ஒண்ணுண்ணே."

"எண்ணினியா, பார்த்தியா?"

"எண்ணினேண்ணே."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நானும் எண்ணாமத்தான் பேசிட்டேன்" என்று பொதுவாகச் சொன்னார். அண்ணன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பிரின்டரின் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது சக்கரம் 20 சதவீத நிரப்பலில்தான் எடுக்கப்பட்டது. அந்த எண்ணை அண்ணனே வைத்தார், யாரும் எதுவும் கேட்கவில்லை. குழாயைத் திறந்தபோது டைனமோக்காரி பத்து நிமிஷம் கடிகாரம் பார்த்தாள். எல்.இ.டி. மினுக்கி மினுக்கி எரிந்தது. வோல்டேஜ் போதவில்லை, அது அவள் பிரச்சினை, அதற்கு அவளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பிளேடு ஒன்றும் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த லேபில் யார் ஃபைல் கொண்டுவந்தாலும் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை துண்டு?" என்பதுதான். முதலாண்டுப் பிள்ளைகள் முழிப்பார்கள். அப்போது மேஜை டிராயரைத் திறந்து வழவழப்பான அந்த வெள்ளைக் குடத்தை எடுத்துக் காட்டுவார். உடைந்த எட்டுப் பிளேடுகளில் ஒன்று, காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும் லேப் ஜன்னலுக்கு ஆப்பாக இன்னும் இருக்கிறது.